ஜெர்மனியில் ஆங்கிலத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியுமா?

கொங்குச்செல்வி:
அனைவருக்கும் வணக்கம். கணவரின் வேலையை ஒட்டிச் சென்ற ஆவணியில் கோவையிலிருந்து ஸ்டுட்கார்ட் அருகே குடிவந்தோம். அவரிடம் தகுதிபெற்ற வெளிநாட்டுப் பணியாளர்களுக்குத் தரப்படும் புளூ கார்டு அனுமதி இருப்பதால், விசாவுக்கு என்னிடம் ஜெர்மன் சான்றிதழ் கேட்கவில்லை. ஓர் எழுத்துகூடப் படிக்காமல் விமானம் ஏறிவிட்டேன். அவருக்கு அலுவலகம் முழுக்க ஆங்கிலம். கடை, மருத்துவர், பள்ளி என்று ஜெர்மனோடு மோதுவது நான்தான். ஊரில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவையே நடத்திய நான், இங்கே மருத்துவரிடம் நேரம் கேட்கத் தொலைபேசியை எடுத்தால், மூன்றாம் வகுப்பு படிக்கும் மகளிடம் அதை நீட்ட வேண்டியிருக்கிறது. போன வாரம் பெற்றோர் கூட்டத்தில் எல்லோரும் சிரித்தபோது நானும் சிரித்துவைத்தேன். எதற்கென்று இன்றுவரை தெரியாது. எத்தனை ஆண்டுகள் இருப்போம் என்பதே முடிவாகாத நிலையில், முறையாக வகுப்பில் சேர வேண்டுமா, அல்லது கைபேசி மொழிபெயர்ப்பை வைத்துச் சமாளித்துவிடலாமா?

பெர்லின்வாசி:
சமாளிக்கலாம் என்பதே என் கருத்து. மென்பொருள் துறையில் இருக்கிறேன். அரசுக் கடிதம் வந்தால் படம் பிடிக்கிறேன், நொடியில் ஆங்கிலத்தில் வந்துவிடுகிறது. மற்ற நிபந்தனைகள் நிறைவேறினால், புளூ கார்டு உள்ளவருக்குத் தொடக்க நிலையான ஏ1 அளவு ஜெர்மனோடு 27 மாதங்களில் நிரந்தர வதிவிட உரிமை கிடைக்கும்; இடைநிலையான பி1 இருந்தால் 21 மாதங்களில். இந்த ஆறு மாதத்துக்காக பெயர்ச்சொல்லுக்கெல்லாம் மூன்று பால் பார்க்கும் இலக்கணத்தோடு மல்லுக்கட்ட வேண்டுமா என்று யோசியுங்கள்.

வடமராட்சியான்:
தம்பி சொல்வது பெர்லினுக்கும் மென்பொருளுக்கும் பொருந்தும். தங்கையின் நிலைமைக்குப் பொருந்தாது. நான் எண்பதுகளில் அகதியாக யேர்மனிக்கு வந்தவன். தஞ்ச விண்ணப்பம் நிலுவையில் இருந்தபோது வேலை செய்யத் தடை, ஒதுக்கிய இடத்தை விட்டு வெளியே போகவும் தடை. எங்களுக்கு மொழி வகுப்பு என்ற பேச்சே இருக்கவில்லை. பின்னர் உணவகங்களில் கோப்பை கழுவியபடி எங்களில் பலர் பொறுக்கிக்கொண்ட டொச், அதாவது யேர்மன் மொழி, முதலாளியின் கட்டளையை விளங்கிக்கொள்ளப் போதுமாக இருந்ததே தவிர, ஒரு கடிதத்துக்கு மறுமொழி எழுதப் போதவில்லை. அதற்கு விலை கொடுத்தவர்கள் எங்கள் பிள்ளைகள். தாயின் கருப்பைச் சத்திரசிகிச்சை பற்றி வைத்தியர் விளக்கியதைப் பன்னிரண்டு வயது மகன் இருந்து தமிழில் சொன்ன குடும்பத்தை எனக்குத் தெரியும்.

கடிதத்தைக் கைபேசி வாசித்துவிடும், உண்மைதான். ஆனால் அரச அலுவலகத்தின் முடிவொன்றை எதிர்க்கப் பெரும்பாலும் ஒரு மாதமே தவணை. அதற்குள் யாரையாவது அழைத்துக் கேட்டுத் தெளிய முடியாதவர், நியாயம் தன் பக்கம் இருந்தாலும் பேசாமல் விட்டுவிடுகிறார். மேலும், பெரும்பாலான மாநிலங்களில், உங்கள் மாநிலத்திலும்தான், நாலாம் வகுப்புக்குப் பின்னர் பிள்ளைகள் வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரிகிறார்கள். எந்தப் பள்ளி என்று ஆசிரியர் உங்களோடு பேசும்போது, அந்தப் பிள்ளையையே நடுவில் இருத்தி மொழிபெயர்க்க வைக்கப் போகிறீர்களா?

தஞ்சைச் செவிலி:
ஐயா சொன்னது இன்றும் நடக்கிறது. மருத்துவரிடம் போகும்போது மொழிபெயர்ப்பாளரை அமர்த்தும் செலவைப் பொதுக் காப்பீடு பொதுவாக ஏற்பதில்லை என்பதால், எங்கள் பிரிவிலும் குழந்தைகள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைப் பார்க்கிறேன்.

செல்வி அக்கா, குடும்ப இணைப்பில் வந்தவர்களுக்கு அரசின் ஒருங்கிணைப்பு வகுப்பில் சேரும் உரிமை உண்டு. அது வதிவிட அனுமதி கிடைத்து ஓராண்டோடு முடிந்துவிடும் என்பதால், தேதியை இன்றே எடுத்துப் பாருங்கள். மொழிக்கு 600 பாடவேளை, சட்டம், வரலாறு, சமூகம் பற்றி 100 பாடவேளை, இலக்கு பி1. பிற்காலத்தில் குடியுரிமை கேட்டாலும் அந்த அளவுதான் வேண்டும். கணக்குத் துறையில் வேலை தேடுவதானால் அதற்கு மேலும் படிக்க வேண்டியிருக்கும். அதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

சான்றிதழ் வாங்கியதும் எல்லாம் புரிந்துவிடும் என்றும் எண்ணாதீர்கள். நான் பி1-க்கு அடுத்த நிலையான பி2 தேறி வந்தும், இந்தப் பகுதியின் வட்டார வழக்கான ஸ்வாபியப் பேச்சுக்குக் காது பழக வெகுகாலம் ஆனது. இங்குள்ள முதியவர் பாதம் வலிக்கிறது என்றால், இடுப்புக்குக் கீழே எங்கு வேண்டுமானாலும் வலிக்கலாம். தொட்டுக் காட்டச் சொல்லித்தான் குறிப்பேட்டில் எழுதுகிறோம். இலக்கணத்தில் பெயர்ச்சொற்களின் பால் படுத்தும் பாடு உண்மையே. ஆனால் துணை வாக்கியத்தில் வினை கடைசியில் வந்து நிற்பதைக் கண்டு ஆங்கிலக்காரர்கள்தான் திணறுவார்கள். நமக்கு அது பழகிய வழக்கம்.

பெர்லின்வாசி:
பள்ளி விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 700 பாடவேளை, கைக்குழந்தையோ பகுதிநேர வேலையோ உள்ளவருக்கு எளிதல்ல. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கொங்குச்செல்வி:
அனுமதி அட்டையைப் பார்த்துவிட்டேன். ஓராண்டு நிறைய இன்னும் காலம் இருக்கிறது. மகள் பள்ளியில் இருக்கும் நேரத்துக்குள் முடியும் வகுப்பு கிடைக்குமா? ஒன்றுமே தெரியாதவரைச் சேர்த்துக்கொள்வார்களா?

தஞ்சைச் செவிலி:
ஊர் மக்கள் கல்லூரியான ஃபோல்க்ஸ்ஹோக்‌ஷூலேயில் கேளுங்கள். முற்பகல் வகுப்புகளைப் பல ஊர்களில் நடத்துகிறார்கள். முதலில் நிலை அறியும் தேர்வு ஒன்று வைப்பார்கள். அதில் ஒன்றும் எழுதத் தெரியாவிட்டால் முதல் பாடத்திலிருந்தே தொடங்கும் குழுவில் போடுவார்கள். இடம் உடனே கிடைக்காமல் போகலாம். காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் பதிந்துவிட்டு, மற்ற மொழிப் பள்ளிகளிலும் விசாரியுங்கள். அந்த விசாரணைக்கு மகளை அழைத்துப் போகாதீர்கள், அக்கா. அங்கே தட்டுத்தடுமாறிப் பேசுபவர்களைத் தினமும் பார்க்கிறார்கள்.