ரெகுலேட்டர் தேக்கத்தில் உப்பு: மாடலும் நேரில் பார்த்ததும் (அனுபவம் சொல்லுங்கள்)

தலைஞாயிறு பக்கம்
கடல்நீர் ஆற்றில் ஏறாமல் தடுக்கும் ஷட்டர் மதகான கடைமடை ரெகுலேட்டருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீரின் உப்பைக் கணிக்க மாடல் போட்டார்கள், நான் மீட்டர் தூக்கப் போனவன். வரத்து, வெளியேற்றம், ஆவியாவது, அப்புறம் தண்ணீர் ஆவியானாலும் உப்பு அங்கேயே கிடப்பது, இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கணக்குதான். தேக்கம் முழுக்க ஒரே உப்பு என்று வைத்து ஓட்டியதில் ஈசி (தண்ணீர் மின்சாரம் கடத்தும் அளவு, உப்பு ஏற ஏற இதுவும் ஏறும்) 1.6 வந்தது. நெல்லுக்குப் பாய்ச்ச 2 வரை பயமில்லை என்பதால் எல்லோருக்கும் திருப்தி. அங்கே இன்ஜின் வைத்து இறைக்கும் பெரியவர் ஒருத்தர் பாட்டிலில் செங்கல் துண்டைக் கட்டி, தக்கைக்குத் தனி நூல் போட்டு, மதகடியில் இறக்கினார். தரை தட்டியதும் நூலைச் சுண்டினார், குமிழ் குமிழாக வந்தது. மேலே மொண்ட தண்ணீர் 1.4, பாட்டிலில் இருந்தது 11. "என் ஃபுட்வால்வு எங்க கெடக்குன்னு ஒங்க கம்ப்யூட்டருக்குத் தெரியுமா தம்பி?" என்றார், இன்ஜின் குழாய் தண்ணீர் உறிஞ்சும் அடிவாய் அது. யாரும் வாய் திறக்கவில்லை.

வெண்ணாற்றுக்காரன்
எங்கள் ஊரில் அமாவாசைக்கு மறுநாள் ரெகுலேட்டருக்கு மேற்கே கடலோர மீனான மடவை துள்ளியது, ஷட்டர் அடியில் கசிவை அடைக்கும் ரப்பர் போய்விட்டது என்று அப்போதே புரிந்தது. உங்கள் தேக்கத்திலும் அதேதான் இருக்கும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு, கனம் அதிகம், கலக்காமல் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். முதலில் தேக்கத்தை மேல், கீழ் என்று இரண்டு அடுக்காகப் பிரியுங்கள். நாள் சராசரி வைத்து ஓட்டினால் கடல் ஏற்றமும் வற்றமும் ஒன்றையொன்று அடித்துவிடும், மணிக்கணக்கில் ஓட்டுங்கள். வற்றத்தில் அடி ஷட்டரைக் கொஞ்சம் தூக்கினால் உப்பு முதலில் வெளியேறும். ஃபுட்வால்வைக் காலி டிரம்மில் கட்டி மிதக்க விடச் சொல்லுங்கள். வயலில் உப்பு ஏறிவிட்டது என்று உடனே ஜிப்சம் கொட்ட வேண்டாம், அது சோடியம் ஏறி இறுகிய களர் மண்ணுக்கு. உப்பு மட்டும் ஏறிய வெறும் உவருக்கு நல்ல தண்ணீர் கட்டி வடிப்பதுதான் வழி, வடிகாலே தூர்ந்து கிடந்தால் அதற்கும் வழியில்லை.

இப்போது கரூரில்
எல்லா உப்பையும் கடல் தலையில் கட்டாதீர்கள். நொய்யலில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை வற்றியிருந்தபோது பார்த்தேன், தரை வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது, செருப்பு பட்ட இடமெல்லாம் பொருக்கு நொறுங்கியது. பாசனத்துக்குக் கட்டிய அணையில் தண்ணீர் தேக்காதே என்று விவசாயிகளே கேட்கும்படி ஆனது. 2011-இல் உயர் நீதிமன்றம் அந்த ஆற்றில் கழிவு விட்ட திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது, ஆனால் படிந்த உப்பு அடுத்த வெள்ளத்தில் கரைந்து வரத்தானே செய்யும்? மேட்டூர் தண்ணீரின் உப்பை மட்டும் வரத்தாகப் போடுகிறவர்கள் பவானி, நொய்யல், அமராவதி எல்லாம் மேட்டூருக்குக் கீழே வந்து சேர்வதை மறந்துவிடுகிறார்கள்.

முறைத்தண்ணி
நொய்யலை விடுங்க சார், இங்கே வருவோம். இறால் குட்டைக்கு உப்புத்தண்ணீர் வேண்டும் என்று ராத்திரியில் யாரோ ஷட்டரைத் தூக்கியதை எங்கள் கரையில் நின்று பார்த்திருக்கிறேன், டார்ச் அடித்ததும் ஓடினார்கள். காலையில் ஷட்டரைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கரின் நோட்டில் "மூடியுள்ளது" என்றே இருந்தது. மேலே சொன்ன மணிக்கணக்கு மாடலுக்கும் ஷட்டர் விவரம் அந்த நோட்டிலிருந்துதானே எடுப்பீர்கள்?