நவம்பர் 1 கிராம சபைக்கு முன்னால் பேச ஒருவர் தேவை

வணக்கம் நண்பர்களே. எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டம் சார்பில் அக்டோபர் கடைசி வாரம் கோயில் திடலில் ஒரு கூட்டம் வைக்கிறோம். ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. பாதிப் பேர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். தீர்மானம் வாசிக்கும்போது மிஞ்சுவது நாலு பேர்தான்.

ஊராட்சி வரவு செலவுக் கணக்கை எப்படிப் பார்ப்பது, நம் கோரிக்கையைத் தீர்மானமாக எழுத வைப்பது எப்படி, 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு போடுவது எப்படி என்று சாதாரணப் பேச்சில் சொல்லித்தர யாராவது இருக்கிறீர்களா? எடுத்த எடுப்பில் அரசியலமைப்புச் சட்டம், பிரிவு 243 என்று ஆரம்பிக்கிறவர் வேண்டாம், கூட்டம் கலைந்துவிடும். ஓய்வுபெற்ற ஊராட்சிச் செயலர் கிடைத்தால் ரொம்ப நல்லது. மதுரைப் பக்கம் என்றால் வண்டிச் செலவு தருகிறோம். அப்புறம், புரொஜெக்டர் ஒன்று இரவல் கிடைக்குமா?