வீட்டில் கிட்டார் பிராசசர்: எது படுத்தியது, எப்படிச் சரியானது?

திங்கான்ஜூன் தந்தி:
ரங்கூனிலும் வெளியூர்களிலும் வீட்டிலேயே பிராசசர் (கிட்டார் ஒலிக்கு எஃபெக்ட் சேர்க்கும் பெட்டி) வைத்து ரெக்கார்ட் செய்கிறவர்கள் இப்போது கணிசமாக இருக்கிறோம். கோயில் பஜனை, சர்ச் கொயர், கல்யாண மேடை என்று வாசிக்கிற கூட்டம்தான். பெட்டியை வாங்கிய புதிதில் எது படுத்தியது, எப்படிச் சரியானது என்று எழுதுங்கள். பிராண்ட் சண்டை மட்டும் வேண்டாம்.

நானே தொடங்குகிறேன். என்னிடம் இருப்பது ஜூம் ஜி1 ஃபோர். ஆம்ப் ஒலி, டிலே (எதிரொலி), ரிவெர்ப் (பெரிய கூடத்தில் முழங்குகிற மாதிரி ஒலி), லூப்பர் (வாசித்ததைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது), தாளம் எல்லாம் அந்தச் சின்னப் பெட்டிக்குள் உண்டு. ஆனால் அதன் யுஎஸ்பி வழியாக ஒலி கம்ப்யூட்டருக்குப் போகாது. கிட்டார் லேப் மென்பொருளோடு பேசவும் கரண்ட் எடுக்கவும் மட்டும்தான் அந்தத் துளை. பதிவு செய்யத் தனியாக ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோகும் பெட்டி) வேண்டும். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

என் வீட்டில் நடந்த வேடிக்கை: இரண்டையும் இணைத்ததும் கிட்டார் சத்தம் காணாமல் போய், ரிவெர்ப் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி கேட்டது. காரணம் கேபிள். ஸ்டீரியோ அவுட்புட் ஒரே துளையில் வரும் பெட்டியிலிருந்து, முனையில் இரண்டு கறுப்பு வளையம் உள்ள கேபிளை இன்டர்ஃபேஸின் பேலன்ஸ்டு இன்புட்டில் செருகினால், அது இடதிலிருந்து வலதைக் கழித்துவிடும். இரண்டிலும் ஒரே மாதிரி வரும் கிட்டார் ஒலி அடிபட்டுப் போகும், இரண்டிலும் வேறுவேறாக வரும் ரிவெர்ப் மிஞ்சும். ஒற்றை வளையமுள்ள சாதாரண கிட்டார் கேபிள் மாற்றினேன், சரி. ஸ்டீரியோவாகவே வேண்டும் என்றால் ஒய் கேபிள் போட்டு இரண்டு இன்புட்டில் பிரித்துக் கொடுங்கள்.

தாமுவே ஆறு தந்தி:
அண்ணே, நம் ஊரில் பிராசசர் கெட்டுப்போச்சு என்று கொண்டுவருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "உங்கள் வீட்டில் பிளக் பாயின்ட் எப்படி?" என்பதுதான். பழைய ஃபிளாட்டுகளில் சுவரில் இரண்டு துளை, அவ்வளவுதான். எர்த் கம்பி கிடையாது. அப்புறம் எந்தப் பெட்டி வாங்கினாலும் அடியில் ஒரு "ம்ம்ம்" ஓடிக்கொண்டே இருக்கும். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அது பாஸ் கிட்டாரின் அடி ஜி சுரத்துக்குக் கொஞ்சம் மேலே விழுகிறது. அதனால் ஜி-யில் வாசிக்கிற பாட்டில் ஹம் ஓரளவு ஒளிந்துகொள்ளும், ஏ-யில் வாசித்தால் உயிரை எடுக்கும்.

எந்த ஹம் என்று கண்டுபிடிப்பது சுலபம். தந்தியைக் கையால் தொட்டால் சத்தம் குறைகிறதா? எர்த் இல்லாததும் கிட்டாருக்குள் ஷீல்டிங் போதாததும் சேர்ந்த கோளாறு. தொட்டாலும் குறையவில்லை, ஆனால் உட்கார்ந்தபடியே உடம்பைத் திருப்பினால் குறைகிறதா? பக்கத்தில் ஏதோ டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது, அதன் காந்தப் புலத்தைச் சிங்கிள் காயில் பிக்கப் (தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் ஒற்றைக் கம்பிச்சுருள்) வாங்குகிறது. என் மச்சான் வீட்டில் வோல்டேஜ் ஸ்டெபிலைசர் மேசைக்கு அடியிலேயே இருந்தது. பீரோவைப் பார்த்து உட்கார்ந்தால் சத்தமில்லை, ஜன்னலைப் பார்த்தால் இரைச்சல். ஸ்டெபிலைசரை நகர்த்த அத்தை விடவில்லை, ஃபிரிட்ஜ் அதில்தான் ஓடுகிறது. கடைசியில் நாற்காலி கால்களைச் சுற்றித் தரையில் சாக்பீஸ் கோடு போட்டுவிட்டான். இன்றைக்கும் பீரோவைப் பார்த்துத்தான் வாசிக்கிறான்.

மூன்றாவது சோதனை பேட்டரி. ஜூம் ஜி1 ஃபோரும் பாஸ் (Boss) கம்பெனியின் ஜிடி-1 பிராசசரும் நான்கு டபுள் ஏ பேட்டரியில் ஓடும். பேட்டரி போட்டு, லேப்டாப் சார்ஜரையும் கழற்றிவிட்டுக் கேளுங்கள். சத்தம் போய்விட்டால் பெட்டி நல்ல பெட்டி, கோளாறு கரண்டில். லேப்டாப் சார்ஜரால் வருவது ஹம்மைவிட மெல்லிய "கீச்", மவுஸை அசைத்தால் அதுவும் சேர்ந்து அசையும்.

கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும் நேரம் இன்னும் மோசம். மலிவான இன்வெர்ட்டர் தருவது வழவழப்பான அலை இல்லை, படிக்கட்டு அலை. விளக்குக்கும் காற்றாடிக்கும் அது போதும். கிட்டாரில் "பர்ர்" என்று மேல் ஸ்தாயிவரை கேட்கும், எந்த நாய்ஸ் கேட் (noise gate, வாசிக்காதபோது இரைச்சலை மூடும் எஃபெக்ட்) போட்டாலும் அதை முழுசாக அடக்காது. பியூர் சைன் இன்வெர்ட்டர் வாங்கக் காசில்லை என்றால் கரண்ட் போன நேரத்தில் பேட்டரியில் பதிவு செய்யுங்கள். தெருவே இருட்டாக இருக்கிற அந்த நேரம்தான் லைன் சுத்தமாக இருக்கும். பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் சத்தம் ஜாக் வழியாக வராதே!

இன்னொன்று. ஜப்பான் செகண்ட்ஹேண்ட் பெட்டி வாங்குகிறவர்கள் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். பாஸ் பிஎஸ்ஏ-100 என்று இருந்தால் அது 100 வோல்ட் சாமான். நம் 230-ல் செருகினால் புகைதான். மாற்று வாங்கும்போது 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ், பெட்டி கேட்கிற மில்லியாம்ப் மூன்றும் பொருந்த வேண்டும். மில்லியாம்ப் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை, குறைந்தால் பெட்டி நடுப்பாட்டில் ரீஸ்டார்ட் ஆகும்.

மோல்மேன் மழை:
தாமுவே தம்பி சொன்னதெல்லாம் சரி. எங்கள் ஊரில் பிரச்சினை மேலே இருந்து வருகிறது. ஜூன் தொடங்கினால் தகரக் கூரையில் மழை கொட்டும், ஆம்ப் முன்னால் மைக் வைத்துப் பதிவு செய்வது நடக்காத காரியம். நான் பிராசசருக்கு வந்ததே அதனால்தான். லைனில் (மைக் இல்லாமல் கேபிள் வழியாக) நேராகப் போவதால் கூரை என்ன சத்தம் போட்டாலும் கவலையில்லை.

ஈரம் மட்டும் ஜாக்கைத் தின்னும். சத்தம் விட்டுவிட்டு வருகிறது என்று ஒரு பையன் கொண்டுவந்தான், பேட்ச் (சேமித்து வைத்த ஒலி அமைப்பு) எல்லாம் அழித்து ஃபேக்டரி ரீசெட் வரை போயிருந்தான். பிளக்கை வெளிச்சத்தில் பிடித்தால் நுனியில் பச்சை பூத்திருந்தது. கான்டாக்ட் கிளீனர் லேசாகத் தெளித்து, பிளக்கைச் சில தடவை செருகி எடுத்ததும் தெளிந்துவிட்டது. பேட்ச்தான் திரும்பி வரவில்லை. ரீசெட்டோ ஃபர்ம்வேர் அப்டேட்டோ செய்யும் முன் பேட்ச்களைக் கம்ப்யூட்டரில் சேமியுங்கள், தயவுசெய்து.

டிஸ்டார்ஷன் போட்டால் வண்டு பறக்கிற மாதிரி "ஸ்ஸ்ஸ்" என்று எழுதுகிறவர்களுக்கு: கேபினட் சிமுலேஷன் (ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலச் செய்வது) அணைந்திருக்கும். கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதைப் பெரும்பாலும் தானே வெட்டிவிடும். லைனில் போகும்போது வெட்ட ஆளில்லை. ஜிடி-1 வைத்திருப்பவர்கள் அவுட்புட் செலக்ட்டை லைன்/போன்ஸ் என்று வையுங்கள். அதே பெட்டியை நிஜ ஆம்ப்பில் செருகும்போது மாற்ற வேண்டும், இல்லையென்றால் போர்வை போட்டு மூடின மாதிரி கேட்கும்.

பெகு பஜனை:
சின்ன விஷயம்தான். ஜிடி-1 யுஎஸ்பியில் 44.1 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில் (ஒலியை ஒரு செகண்டில் எத்தனை தடவை அளக்கிறது என்ற கணக்கு) மட்டும்தான் பேசும். வீடியோவுக்கு என்று ப்ராஜெக்ட்டை 48-ல் திறந்தால் சில மென்பொருள் மறுக்கும், சிலது தானே மாற்றிக்கொள்ளும், சிலது எதுவும் சொல்லாமல் ஓடும். எங்கள் குழுவில் மூன்றாவது வகை. ஆர்மோனியத்துக்கும் கிட்டாருக்கும் சுருதி ஒரு ஃபிரெட்டுக்கும் இரண்டு ஃபிரெட்டுக்கும் நடுவில் விலகி நின்றது. ஆர்மோனியக்காரர் மேல்தான் எல்லாருக்கும் சந்தேகம், பாவம். ப்ராஜெக்ட்டை 44.1-ல் வைத்துப் பதிவு செய்து, கடைசியில் எக்ஸ்போர்ட் செய்யும்போது 48 ஆக்குங்கள்.

தலா கொயர்:
அண்ணன்மாரே, நாய்ஸ் கேட்டை எப்படி வைப்பது என்று யாரும் சொல்லவில்லையே. ஹம் இருக்கிறது என்று த்ரெஷோல்டை (கேட் மூடுகிற ஒலி எல்லையை) ஏற்றிக்கொண்டே போனால் நம் மாதிரி வாசிக்கிறவர்களுக்குத்தான் நஷ்டம். ஒரு சுரத்தைத் தட்டிவிட்டு இழுத்து, வளைத்து இறக்குவோம். அந்த இறக்கம் முடிவதற்குள் கேட் கதவைச் சாத்திவிடும். எங்கள் கொயர் பாட்டில் ஒவ்வொரு வரிக் கடைசியும் கத்தரியால் வெட்டின மாதிரி இருந்தது. கேட்டை அணைத்து, முதலில் கெயினை (ஒலியைப் பெருக்கும் அளவை) குறைத்து, பிறகு சும்மா இருக்கும்போது சத்தம் அடங்குகிற அளவுக்கு மட்டும் த்ரெஷோல்டை ஏற்றினோம். கொஞ்சம் இரைச்சல் மிஞ்சியது. பாட்டு ஓடும்போது யாருக்கும் கேட்கவில்லை.

அப்புறம், வாசிக்கும்போது இரட்டையாகக் கேட்கிறது என்பவர்கள் ரெக்கார்டிங் மென்பொருளில் அந்த டிராக்கின் மானிட்டரிங்கை (வாசிப்பதை உடனே திருப்பிக் கேட்கவைப்பதை) அணையுங்கள். பெட்டியிலிருந்து நேராக ஒன்று, கம்ப்யூட்டர் சுற்றிவந்து ஒன்று, இரண்டும் சேர்ந்து காதில் விழுகிறது. மென்பொருள் வழியாகத்தான் கேட்க வேண்டும் என்றால் ஏசியோ டிரைவர் (தாமதத்தைக் குறைக்கும் விண்டோஸ் ஒலி டிரைவர்) போட்டு பஃபரை (கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குச் சேர்த்துவைக்கும் ஒலியின் அளவை) 128 சாம்பிளுக்கு இறக்குங்கள், தாமதம் ஒரு பக்கத்துக்கு 3 மில்லிசெகண்ட்தான். 512 என்றால் 12 ஆகிவிடும், போய்வரும் கணக்கில் அதுவே இரட்டிப்பு, தாளம் பிசகும். பழைய லேப்டாப்பில் 128 வைத்தால் வெடிப்புச் சத்தம் வரலாம், 256 பாருங்கள்.

தாமுவே தம்பி, ரீசார்ஜ் பேட்டரி போட்டால் ஜி1 ஃபோருக்கு ஒத்துக்கொள்ளுமா? சாதா பேட்டரி வாங்கிக் கட்டுப்படியாகவில்லை.

தாமுவே ஆறு தந்தி:
ஒத்துக்கொள்ளும் அக்கா. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை போடுங்கள், செட்டிங்கில் பேட்டரி வகையையும் அதற்கு மாற்றிவிடுங்கள். மாற்றாவிட்டால் மீதி எவ்வளவு என்று திரையில் தப்பாகக் காட்டும். வெள்ளிக்கிழமை கரண்ட் இருக்கும்போதே இரண்டு செட் சார்ஜ் போட்டு வையுங்கள், ஞாயிறு ஆராதனைக்கு ஆகும்.