இருட்டறை ரெண்டரில் புள்ளி இரைச்சல்: உங்கள் அனுபவம் என்ன?

உள்ளரங்கப் படங்கள் செய்பவர்:

பகல் வெளிச்சத்தில் வரவேற்பறை என்றால், பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ஒளிக்கதிர்களைக் கணக்கிட்டுப் படம் தீட்டும் (ரெண்டர் செய்யும்) சைக்கிள்ஸ் முணுமுணுக்காமல் செய்து தரும். இரவு நேரப் படுக்கையறை என்று வாடிக்கையாளர் கேட்டால்தான் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. அண்மையில் அப்படி ஒரு வேலை வந்தது. கட்டிலருகே ஒரே ஒரு மேசை விளக்கு. தெளிந்த கண்ணாடிக் குடுவைக்குள் சிறிய பல்பு. சாம்பிளை (ஒரு பிக்சலுக்கு அனுப்பும் கதிர்களின் எண்ணிக்கையை) 4096க்கு ஏற்றியும் சுவர் முழுக்க ரவையைத் தூவியது போலப் புள்ளிகள், அதாவது இரைச்சல்.

சாம்பிளைக் கூட்டுவது சுலபம், பலன்தான் சொற்பம். இரைச்சல் பாதியாகக் குறைய நான்கு மடங்கு சாம்பிள் வேண்டும். கால்வாசியாகக் குறைய 16 மடங்கு. கோளாறு வேறிடத்தில் இருந்தது. சுவரின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் விளக்கு தெரிகிறதா என்று மென்பொருள் ஒரு நிழல் கதிரை அனுப்பிப் பார்க்கிறது. குறுக்கே கண்ணாடி இருந்தால் அந்தக் கதிர் அங்கேயே நின்றுவிடும். பிறகு வேறு ஏதாவது கதிர் தற்செயலாகக் கண்ணாடிக்குள் வளைந்து போய்ப் பல்பைத் தொட்டால் உண்டு, இல்லாவிட்டால் இருட்டு. அப்படித் தப்பித் தவறித் தொட்டவைதான் அந்த வெள்ளைப் புள்ளிகள்.

குடுவையைத் தேர்ந்து, ரே விசிபிலிட்டியில் (எந்தக் கதிருக்கு அந்தப் பொருள் தெரிய வேண்டும் என்ற அமைப்பில்) ஷேடோ என்ற இடத்திலிருந்த குறியை நீக்கினேன். 256 சாம்பிளிலேயே சுவர் தெளிந்துவிட்டது. குடுவையின் நிழலும் மேசையில் விழும் ஒளி வளையமும் இதில் போய்விடும். அதைக் கேட்ட வாடிக்கையாளரை நான் இன்னும் பார்க்கவில்லை. ஜன்னல் கண்ணாடிக்கும் இதே வைத்தியம்தான்.

அனிமேஷன் கூடத்தில் லைட்டிங் பார்ப்பவர்:

ஐயா சொன்னது சரி. இருட்டு என்பதாலேயே இரைச்சல் வருவதில்லை. கதிருக்கு விளக்கு அகப்படாததால் வருகிறது. இது புரியாமல், விளக்குகளையெல்லாம் பத்து மடங்கு கூட்டி எக்ஸ்போஷரை (படத்தின் ஒட்டுமொத்த வெளிச்சத்தை) பத்தில் ஒன்றாக்கு என்று சொல்பவர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் கூட்டினால் புள்ளிகளும் அதே விகிதத்தில் பிரகாசமாகும். எக்ஸ்போஷரைக் குறைத்தால் பழைய படமே திரும்பி வரும். நாய்ஸ் த்ரெஷோல்ட் (இரைச்சல் இந்த அளவுக்கு இறங்கினால் அந்த இடத்தில் நிறுத்திவிடு என்ற வரம்பு) போட்டிருந்தால் சிறிது வித்தியாசம் தெரியக்கூடும். இருண்ட மூலையைப் போதும் என்று சீக்கிரம் கைவிடாமல் மென்பொருள் கூடுதல் சாம்பிள் செலவழிப்பதே அதற்குக் காரணம். த்ரெஷோல்டை 0.01க்குக் கீழே இறக்கினாலே அது கிடைத்துவிடும், விளக்குகளைத் தொட வேண்டியதில்லை.

எங்களைப் படுத்தியது ஒரு பேய்க் கதைக் காட்சி. நடைக்கூடத்தில் விளக்கு, அறைக்குள் இருட்டு, கதவு ஒருக்களித்திருக்கிறது. இது பழைய வம்புதான்: 1997இல் ஆய்வாளர்கள் எரிக் வீச்சும் லியோனிடாஸ் கிபாஸும் மெட்ரோபொலிஸ் என்ற ஒளிக்கணக்கு முறையை முன்வைத்தபோது, சோதனைக்கு எடுத்துக்கொண்ட காட்சிகளில் ஒன்று இதே போன்ற கதவிடுக்கு வெளிச்சம். பிளெண்டர் 3.4இல் வந்த பாத் கைடிங் என்ற வசதியைப் போட்டுப் பார்த்தோம். வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கற்றுக்கொண்டு கதிர்களை அந்தப் பக்கம் அனுப்பும். நன்றாகவே தெளிந்தது, ஆனால் வேகமான கிராபிக்ஸ் கார்டில் ஓடாமல் சிபியுவில் மட்டும் ஓடியதால் தயாரிப்பு மேலாளர் முகம் சுளித்தார். கடைசியில் கதவிடுக்கிலேயே, அறையைப் பார்த்தபடி, ஒல்லியான ஏரியா லைட் (பரப்பு முழுக்க ஒளி விடும் விளக்கு) ஒன்றை நிறுத்தினோம். இயக்குநருக்கு வித்தியாசமே தெரியவில்லை.

இரைச்சலைத் துடைக்கும் டினாய்சர் பற்றியும் ஒரு வார்த்தை. ஒற்றைப் படத்துக்கு அது அருமை. அசையும் காட்சியில் ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியாகத் துடைப்பதால் மூலை நிழல்கள் நெளியும். உள்ளே போகும் படம் ஓரளவு சுத்தமாக இருந்தால்தான் வெளியே வருவது நம்பும்படி இருக்கும்.

பூஜையறை வடிவமைப்பாளர்:

எனக்கு வந்தது குத்துவிளக்கு. ஐந்து முகத் திரி, பின்னால் வெள்ளைச் சுவர், வேறு விளக்கே கிடையாது. நன்கு துலக்கிய பித்தளைப் பளபளப்பு வேண்டும் என்றார் வீட்டம்மா, ரஃப்னெஸ் (சொரசொரப்பு) 0.05 வைத்தேன். சுடரோ விரல்நுனி அளவு. சுவரில் பட்ட கதிர் பித்தளையில் தெறித்துச் சுடரைத் தொடும்போதெல்லாம் ஒரு ஃபயர்ஃப்ளை, அதாவது கண்ணைக் குத்தும் தனி வெளிச்சப் புள்ளி.

தெறித்து வரும் ஒளியின் உச்ச அளவை வெட்டும் இன்டைரெக்ட் கிளாம்பை 10இலிருந்து 1க்கு இறக்கினால் புள்ளிகள் போகும் என்பார்கள். போயின, பித்தளையிலிருந்து சுவரில் படிந்த பொன்னிறமும் கூடவே போயிற்று. "விளக்கு எரிகிறது, அறைக்கு வெளிச்சமே வரவில்லையே" என்றார் அந்த அம்மா. கிளாம்பைப் பழைய இடத்தில் வைத்து, பித்தளையின் ரஃப்னெஸை 0.2 ஆக்கி, பளபளப்பான தெறிப்புகளை மங்கலாக்கும் ஃபில்டர் குளாஸியைச் சற்று ஏற்றினேன். பொன்னிறம் திரும்பிவிட்டது. மூலைகளில் மட்டும் இன்னும் மணல்.

உள்ளரங்கப் படங்கள் செய்பவர்:

சுவரின் வெண்மை என்ன எண்ணில் இருக்கிறது, சகோதரி? 1.0ஐ ஒட்டி இருந்தால் ஒவ்வொரு துள்ளலிலும் ஒளி குறையாமல் சுற்றிக்கொண்டே இருக்கும், மூலைகள் தெளிய நேரமாகும். நிஜ வெள்ளைச் சுண்ணாம்பே சுமார் 0.8தான்.

பூஜையறை வடிவமைப்பாளர்:

0.95 இருக்கிறது. இறக்கிப் பார்க்கிறேன் அண்ணா. அறை மங்கினால் சுடரைக் கூட்டிக்கொள்ளலாம்.