அம்மாவுக்கு சொலிஃபெனசின் எழுதியிருக்கினம்: மற்றக் குளிசைகளோட எப்படிக் கொடுக்கிறது?

திருமலைப் பொடியன்

அம்மாவுக்கு வயது 71. பகலில் மணிக்கொருக்கா சலம் போறா, இரவில் நாலைந்து தரம் எழும்புறா. வந்திட்டுதெண்டால் அடக்க ஏலாது, கக்கூசுக்குப் போக முதலே உடுப்பு நனைஞ்சிடும். கிளினிக்கில சலம் சோதிச்சுக் கிருமி இல்லையெண்டு சொல்லி, சொலிஃபெனசின் 5 மி.கி. இரவில் ஒன்று எழுதித் தந்தவை. ஒரு மாதத்தால திரும்ப வரச் சொன்னவை.

ஏற்கெனவே போடுறது: மெட்ஃபோமின் 500 காலை, இரவு, அம்லோடிபின் 5, கால் எரிவுக்கு இரவில் அமிட்ரிப்டிலின் 10. தடிமன் வந்தால் பிரிட்டன்.

குளிசையை இடிச்சுத் தேனில் குழைச்சுக் கொடுக்கலாமோ? ஒரு நாள் தவறினால் அடுத்த நாள் இரண்டாகப் போடலாமோ? வாற கிழமை கொழும்புக்கு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போகவேணும். அன்றைக்கு மட்டும் ஒன்று கூடப் போட்டால் தாங்குமோ?

மருந்தாளர்_உப்புவெளி

தம்பி, நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். அதுதான் முக்கியம்.

சலப்பையின் தசையை இறுக வைக்கிற அசிட்டைல்கோலின் என்ற இரசாயனச் செய்தியைச் சொலிஃபெனசின் தடுக்கிறது. அதனால்தான் அவசரம் குறைகிறது. ஆனால் அதே செய்தி எச்சில் சுரப்பிக்கும் குடலுக்கும் கண்ணுக்கும் மூளைக்கும் போகிறது. அமிட்ரிப்டிலினும் அதைத்தான் தடுக்கும், பிரிட்டன் என்கிற குளோர்பெனிரமினும் அதைத்தான் தடுக்கும். மூன்றும் ஒரே இரவில் சேர்ந்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். வாய் வறளும், வயிறு இறுகும். எழுபது கடந்தவர்களுக்கு இரவில் தடுமாற்றமும் விழுகையும் வரும், சில வேளை சலமே போகாமல் கட்டிவிடும். குளிசை ஒத்துக்கொள்ளவில்லை என்று சனம் சொல்வதில் கன தடவை குற்றவாளி இந்தக் கூட்டுத்தான்.

அமிட்ரிப்டிலின் 10 குறைந்த அளவுதான். ஆனால் சொலிஃபெனசின் எழுதிய டாக்டருக்கு அது தெரியுமா? கேளுங்கள். தடிமனுக்குப் பரசிட்டமோல், ஆவி, உப்புத்தண்ணீர் போதும். மூக்கு ஒழுகல் தாங்க ஏலாவிட்டால் பார்மசியில் லொராடடின் பற்றிக் கேளுங்கள். பல மருந்து கலந்த தடிமன் குளிசை, இருமல் பாணி எல்லாவற்றிலும் பெயர்ப்பட்டியலைப் பார்க்க வேண்டும், குளோர்பெனிரமின் பெரும்பாலும் அதற்குள் ஒளிந்திருக்கும். வயிற்று வலிக்குப் போடும் ஹயோசினும் இதே குடும்பம். பஸ்ஸில் சத்தி வராமல் இருக்கப் போடுகிற குளிசைகளும் அப்படியே, கொழும்புப் பயணத்துக்கு யாராவது கையில் தந்தால் வாங்காதீர்கள்.

இடிப்பது: வேண்டாம். மேலே பூச்சுள்ள குளிசை, முழுதாகத் தண்ணீருடன் விழுங்கச் சொல்லித்தான் தயாரிக்கிறார்கள். சொலிஃபெனசினை விட, மெல்ல மெல்லக் கரையும் வகைகளில்தான் இடிப்பது பெரிய ஆபத்து. சலப்பை அவசரத்துக்கே எழுதும் மற்றக் குளிசைகளான மிராபெக்ரன், நீண்ட நேர டொல்டெரோடின், நீண்ட நேர ஒக்ஸிபியூட்டினின் ஆகியவற்றை உடைத்தால் நாள் முழுக்க வரவேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கும். அம்மாவை நிமிர்ந்து இருக்க வைத்து, முதலில் ஒரு மிடறு தண்ணீர் கொடுத்து வாயை நனைத்துவிட்டுக் குளிசையைக் கொடுங்கள். பிறகு அரைக் கிளாஸ் தண்ணீர். அண்ணாந்து விழுங்க விட வேண்டாம். அப்படியும் புரையேறினால் டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு வழி பார்க்கலாம்.

தவறினால்: அதே நாள் ஞாபகம் வந்தால் போடலாம். அடுத்த நாள்தான் ஞாபகம் வந்தால் போனது போகட்டும், அன்றைக்குரிய ஒன்று மட்டும். ஒரு நாளில் இரண்டு கூடவே கூடாது.

பயணத்துக்கு ஒன்று கூட: பயனில்லை. சொலிஃபெனசின் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய இரண்டு நாள் எடுக்கும், சிலருக்கு இன்னும் கூட. இன்றைக்கு இரண்டாகப் போட்டால் இன்றைக்கு நின்றுவிடாது, பக்கவிளைவு மட்டும் நாலைந்து நாள் நிற்கும். முழுப் பலன் தெரிய நாலு கிழமையாவது வேண்டும், வாற கிழமைப் பயணத்தில் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்காதீர்கள். வெளிக்கிட இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு முன்பே தேத்தண்ணியை நிறுத்துங்கள். ஏற முதல் ஒருக்கா, ஹபரணை, தம்புள்ளைப் பக்கம் பஸ் நிற்கும்போது ஒருக்கா, முட்டுதோ இல்லையோ போய்வரட்டும். உள்ளுக்குச் சலம் உறிஞ்சும் பாட் ஒன்று வைத்துவிடுங்கள். ரயிலில் கழிப்பறை இருப்பதால் எனக்கென்னவோ அதுதான் நல்லதாகப் படுகிறது. எதில் போனாலும் தண்ணீரை அடியோடு நிறுத்த வேண்டாம், சலம் கடுமையாகிச் சலப்பையை இன்னும் உறுத்தும்.

தாதி_கிளினிக்

மருந்தாளர் சொன்னது சரி. ஆனால் குளிசை தொடங்க முதல் பார்க்க வேண்டியதும் இருக்கு.

சலம் போன கையோடு ஸ்கேன் செய்து உள்ளே எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று பார்த்தார்களா? 200 மில்லிலீற்றருக்கு மேல் தேங்குபவருக்கு இந்தக் குளிசையை யோசித்துத்தான் கொடுப்பார்கள். சீனி வருத்தம் நாட்பட்டால் சலப்பையின் நரம்பும் தளரும், அதனால் உங்கள் அம்மாவுக்கு இதைக் கேட்பதில் தப்பில்லை. கண் பிரஷர், அதிலும் குறுகிய கோண வகை இருந்து சிகிச்சையில் இல்லையென்றால் சொலிஃபெனசின் ஆகாது. சிறுநீரகம் கடுமையாகப் பழுதாகியிருந்தால் 5 மி.கி.க்கு மேல் ஏற்றக் கூடாது, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் இரத்தச் சோதனையின் கடைசி றிப்போர்ட்டைக் கொண்டுபோங்கள்.

இன்னொன்று, இரவில் நாலைந்து தரம் என்றால் ஒவ்வொரு தரமும் எவ்வளவு? மில்லிலீற்றர் கோடு போட்ட பழைய ஜக் ஒன்றை இதற்கென்றே வைத்து மூன்று நாள் அளந்து எழுதுங்கள். நேரம், அளவு, குடித்தது என்ன, அடக்க முடியாமல் போனதா, அவ்வளவுதான். படுத்த பிறகு போனதையும் காலையில் எழும்பியதும் போகும் முதல் சலத்தையும் கூட்டுங்கள். அது 24 மணித்தியால மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் இரவில் சலம் கூடுதலாக ஊறுகிறது என்று அர்த்தம். ஒரு தரத்துக்கு 100, 150 வந்தால் சலப்பையின் அவசரம், குளிசை கேட்கும். 300, 400 வந்தால் எவ்வளவு குளிசை போட்டும் எழும்பத்தான் வேண்டும். சீனி கூடியிருக்கலாம். அல்லது அம்லோடிபினால் பகலில் காலில் இறங்கிய நீர் படுத்ததும் மேலேறி வரலாம். பின்னேரம் கணுக்காலை அழுத்திப் பாருங்கள், குழி விழுகிறதா? விழுந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

குளிசையோடு பயிற்சியும் வேண்டும். இப்போது மணிக்கொருக்கா என்றால் ஒரு மணித்தியாலமும் கால் மணித்தியாலமும் என்று தள்ளி, ஒரு கிழமை பழகியபின் இன்னொரு கால் மணித்தியாலம்.

கிண்ணியா_நண்பன்

இடையில் ஒரு கேள்வி. எங்கட வாப்பாவுக்கு மிராபெக்ரன் 50 தந்திருக்கினம். பிரஷருக்கு மெட்டோபுரோலோல் போடுறார். நோன்புக்கு என்ன செய்யலாம்?

மருந்தாளர்_உப்புவெளி

நாளுக்கு ஒரு தரம் என்பதால் நோன்புக்குத் தடையில்லை. ஸஹரிலோ நோன்பு துறந்த பிறகோ, ஒரே நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். நாளுக்கு மூன்று தரம் போடும் ஒக்ஸிபியூட்டினின் என்றால் டாக்டரிடம் கேட்டு மாற்ற வேண்டியிருக்கும்.

மிராபெக்ரன் வேறு வகை, வாய் வறட்சி குறைவு. ஆனால் பிரஷரை ஏற்றும். 180க்கு 110ஐத் தொட்டு நிற்பவருக்குக் கொடுக்கக் கூடாது. தொடங்க முதலும் தொடங்கி இரண்டு கிழமையிலும் அளந்து எழுதுங்கள். மெட்டோபுரோலோல் உடம்பில் உடைவதையும் அது தாமதமாக்கும். நாடி மெதுவாகி, தலைசுற்றினால் டாக்டரிடம் சொல்லாமல் இருந்துவிட வேண்டாம். புரஸ்டேட் வீக்கம் இருந்தால் சலம் கட்டும் சாத்தியம் இதிலும் உண்டு.

கச்சான்_காத்து

வெயிலை ஒருவரும் சொல்லவில்லையே! சொலிஃபெனசின் வகைக் குளிசைகள் வியர்வையையும் குறைக்கும். கச்சான் என்கிற வறண்ட காத்து அடிக்கிற மாதங்களில் மதியம் முற்றத்தில் நின்று வேலை செய்தால் உடம்பு சூடேறி இறங்காது. தோல் காய்ந்து, முகம் சிவந்து, தலையிடித்தால் நிழலுக்குக் கொண்டுவந்து ஈரத்துணி போட்டு விசிறுங்கள். சூடு இறங்காவிட்டாலோ பேச்சுத் தடுமாறினாலோ வைத்தியசாலைதான்.

வாய் வறண்டால் மிடறு மிடறாகத் தண்ணீர். செம்பு செம்பாகக் குடித்தால் குளிசை போட்ட பயனே போய்விடும். சீனி இல்லாத சுவிங்கம் உதவும். கட்டுப்பல் இருந்தால் ஈறு உரஞ்சும், இரவில் கழற்றி வையுங்கள். மலம் இறுகினால் அந்தக் கட்டியே சலப்பையை அழுத்தி அவசரத்தைக் கூட்டும். பப்பாளி, முருங்கை இலை, போதாவிட்டால் லக்டியூலோஸ் பாணி.

உடனே போக வேண்டியது: முட்டி நின்றும் சலம் போகாமல் அடிவயிறு உப்பி வலிப்பது, சொட்டுச் சொட்டாக மட்டும் வழிவது, கண் சிவந்து கடுமையாக வலித்துப் பார்வை மங்குவது, முகம் உதடு வீங்குவது, திடீரென்று ஆள் மாறாட்டம். 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

திருமலைப் பொடியன்

நன்றி எல்லாருக்கும். அமிட்ரிப்டிலின் தந்தது வேற டாக்டர், தனியார் இடத்தில. கிளினிக் கொப்பியில அது இல்லை. ஸ்கேனும் எடுக்கேல்லை. இன்றைக்கே அமிட்ரிப்டிலினை நிற்பாட்டவோ?

மருந்தாளர்_உப்புவெளி

நீங்களாக நிற்பாட்ட வேண்டாம், கால் எரிவு திரும்பி நித்திரையும் குழம்பும். ஒரு மாதம் காத்திருக்கவும் வேண்டாம். இந்தக் கிழமையே கிளினிக்குக்குப் போய், வீட்டில் இருக்கும் அவ்வளவு குளிசை அட்டையையும் ஒரு பையில் போட்டுக் காட்டுங்கள். பிரிட்டனையும் சேர்த்து. அமிட்ரிப்டிலினைக் கொப்பியில் பெயர், மி.கி., நேரம் மூன்றோடும் எழுதச் சொல்லுங்கள். மிச்சச் சலம் பார்க்கும் ஸ்கேனையும் அப்போதே கேளுங்கள். அதுவரை இரவில் கட்டிலிலிருந்து கக்கூஸ் வரை ஒரு சின்ன லைட் எரியட்டும், காலில் தட்டுகிற பாயை எடுத்துவிடுங்கள்.