72 மணி நேரம் பொய்யா? பாக்கெட் துடைத்தவர்கள் எல்லாம் மடையர்களா?

மூன்றாம்சாமம்:
கொரோனா காலத்தில் மளிகைப் பாக்கெட்டுகளைத் துடைத்து வைத்தது வெறும் நாடகம், மூளை உள்ளவன் செய்ய மாட்டான் என்று தூறல் என்பவர் நேற்று வேறொரு இழையில் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். ஒன்றரை வருடம் துடைத்தவன் நான். எனக்கு ஒரே கேள்விதான். 2020 மார்ச்சில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் வந்ததே, வைரஸ் பிளாஸ்டிக்கில் 72 மணி நேரம், அட்டையில் 24 மணி நேரம் வரை உயிரோடு இருக்கும் என்று, அது பொய்யா? ஆமாம் அல்லது இல்லை, ஒரு வார்த்தையில் சொல்லட்டும்.

தூறல்:
பொய் என்று யார் சொன்னது? 72 என்ற எண்ணைத் தாண்டியும் அதில் நாலு வரி இருக்கிறது சார். பிளாஸ்டிக்கில் அதன் அரை ஆயுள், அதாவது இருந்த வைரஸ் பாதியாகக் குறையும் நேரம், ஏழு மணி நேரத்துக்கும் குறைவு. 72 மணி நேரம் கழித்து மிஞ்சியது ஆரம்பத்தில் இருந்ததில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதுவும் ஆய்வகத்தில் வேண்டுமென்றே தடவிய வைரஸ். ரட்கர்ஸ் பல்கலைக்கழக நுண்ணுயிரியலாளர் இமானுவேல் கோல்ட்மேன் அதே 2020இல் லான்செட் தொற்றுநோய் இதழில் இதைத்தான் கேட்டார்: ஒருவர் இருமித் தெறிக்கும் துளியில் அவ்வளவு வைரஸ் எங்கே இருக்கிறது?

மூன்றாம்சாமம்:
ஆக, 72 மணி நேரம் இருந்தது. ஒப்புக்கொண்டதற்கு நன்றி.

தூறல்:
நான் என்னத்தை ஒப்புக்கொண்டேன்?

இலக்கணச்சுத்தம்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். வைரஸ் "உயிரோடு" இருக்காது. தொற்றும் தன்மையோடு இருக்கும் என்று எழுதுங்கள்.

மூன்றாம்சாமம்:
சரி ஐயா, தொற்றும் தன்மையோடு 72 மணி நேரம். இப்போது திருப்தியா?

செவ்வந்தி:
எனக்கு ஒரு சின்னச் சந்தேகம். கிருமி நீக்கம் என்று எதைச் சொல்கிறீர்கள்? ஈரத்துணியால் துடைப்பதையா, சோப்புத் தண்ணீரையா, ப்ளீச்சையா, சும்மா மூன்று நாள் ஓரமாக வைத்துவிடுவதையா? நாலும் ஒன்றில்லையே.

கணக்குப்பிள்ளை:
அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2021 ஏப்ரலில் கணக்கே கொடுத்துவிட்டது. வைரஸ் ஒட்டிய பரப்பை ஒருமுறை தொட்டால் தொற்று வரும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. காற்றில் பரவுவதை விட்டுவிட்டுப் பிஸ்கட் பாக்கெட்டோடு மல்லுக்கட்டியிருக்கிறோம்.

மூன்றாம்சாமம்:
ஒருமுறை தொட்டால்! ஒரு வாரச் சாமானைப் பிரித்து அடுக்க எத்தனை தடவை தொடுவோம் என்று கணக்குப்பிள்ளை கணக்குப் போட்டாரா? அப்புறம், 2021 ஏப்ரலில் சொன்னதை 2020 மார்ச்சில் நான் எங்கே போய்ப் படிப்பேன்? அன்று கையில் இருந்தது 72. வீட்டில் எண்பது வயது அம்மா. வாசலில் ஸ்டூல் போட்டு ஒவ்வொரு பாக்கெட்டாகச் சானிடைசர் அடித்துத் துடைத்தேன். பிஸ்கட் பாக்கெட்டில் காலாவதித் தேதியின் மை கரைந்து துணியில் நீலமாக ஒட்டிக்கொள்ளும். அப்படித் துடைத்தவனை நாடகக்காரன் என்பீர்களா?

தூறல்:
அப்படியென்றால் எது காலாவதியானது என்றே தெரியாமல் அம்மாவுக்குக் கொடுத்திருக்கிறீர்கள். நல்ல பாதுகாப்பு.

மூன்றாம்சாமம்:
அம்மாவை இழுக்காதீர்கள்.

தூறல்:
இழுத்தது நீங்கள்.

வெள்ளைக்கோட்டு:
பாக்கெட்டைத் துடைத்ததால் குடி முழுகவில்லை. என் கவலை பழம், காய்கறி. அவற்றுக்குச் சோப்பு போடாதீர்கள், ஓடும் தண்ணீரே போதும் என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அப்போதே சொன்னது. சோப்பு உள்ளே இறங்கினால் வயிற்றைக் கலக்கும். 2020 மே மாதம் சிடிசி 502 பேரிடம் கேட்டபோது 19 சதவீதம் பேர் உணவுப் பொருளில் ப்ளீச் போட்டதாகச் சொன்னார்கள். போதாததற்கு ப்ளீச்சோடு வினிகரைக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மளிகையைச் சுத்தம் செய்யப் போய் மூச்சுத் திணறி விழ வேண்டுமா?

மூன்றாம்சாமம்:
நான் ப்ளீச் போட்டேன் என்று எங்கே எழுதினேன்? திராட்சைக்கு மட்டும் பாத்திரம் கழுவும் திரவம். அதுவும் ஒரு மாதம்தான்.

தூறல்:
நுரை தள்ளும் திராட்சை! இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் இவ்வளவு டைப் அடித்திருக்கவே மாட்டேன்.

மூன்றாம்சாமம்:
சிரியுங்கள். போன வருடம் கதவுக் கைப்பிடியில் செம்புத் தகடு ஒட்டினேன் என்று எழுதியபோதும் இதே ஆள்தான் சிரித்தார். அந்த 72 மணி நேரக் கட்டுரையிலேயே வைரஸ் செம்பில் 4 மணி நேரம்தான் தாங்கியது என்று இருக்கிறது. நான் மறக்கவில்லை.

கணக்குப்பிள்ளை:
பிளாஸ்டிக்கோடு ஒப்பிட்டால் செம்பு தேவலாம், சரி. ஆனால் அந்த 4 மணி நேரத்துக்குள் நாற்பது பேர் கைப்பிடியைத் தொட்டுவிடுவார்களே? பேசாமல் கையைக் கழுவிவிட்டுப் போகலாம்.

மூன்றாம்சாமம்:
என் வீட்டில் நாற்பது பேர் இல்லை.

தூறல்:
செம்புத் தகட்டுப் பதிவோடு நீங்கள் போட்ட படமும் நினைவிருக்கிறது. கை நிறையக் கையுறை, முகக்கவசம் மூக்குக்குக் கீழே. கடை வரிசையில் நாலு பேருக்கு நடுவே நின்று அவர்கள் விட்ட மூச்சை வாங்கிக்கொண்டு வந்து, வீட்டில் பால் பாக்கெட்டைக் குளிப்பாட்டுவது! இதைத்தான் நாடகம் என்றேன், இப்போதும் சொல்கிறேன்.

மூன்றாம்சாமம்:
கண்ணாடியில் ஆவி படிந்ததால் அந்த ஒரு நிமிடம் கீழே இறக்கினேன். அதை அன்றே விளக்கிவிட்டேன்.

இலக்கணச்சுத்தம்:
"ஆவி படிந்தது" சரியான பயன்பாடுதான்.

செவ்வந்தி:
என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. துடைப்பதா, கழுவுவதா?

மூன்றாம்சாமம்:
அம்மா செவ்வந்தி, கொஞ்சம் பொறுங்கள், முதலில் இவர் என் கேள்விக்குப் பதில் சொல்லட்டும். தூறல் அவர்களே, மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன். பிளாஸ்டிக்கில் 72 மணி நேரம். ஆமாமா, இல்லையா?

தூறல்:
ஆயிரத்தில் ஒரு பங்கு.

மூன்றாம்சாமம்:
அந்த ஒரு பங்கை உங்கள் பால் பாக்கெட்டில் தடவித் தருகிறேன், துடைக்காமல் எடுத்து வைப்பீர்களா?

தூறல்:
எடுத்து வைத்துவிட்டுக் கையைக் கழுவுவேன்.

மூன்றாம்சாமம்:
பார்த்தீர்களா, கழுவுவாராம்!