புதுப்பிப்பு: 14.5 அங்குலக் குழல் 16 ஆகிவிட்டது
14.5 அங்குல ஏ.ஆர்-15 ரைஃபிள் குழலை அமெரிக்கச் சட்டம் கேட்கும் 16 அங்குலத்துக்கு எப்படிக் கொண்டுவருவது என்று முன்பு கேட்டிருந்தேன். வேலை முடிந்தது. குழல் முனையில் மாட்டும் ஃபிளாஷ் ஹைடரை (சுடும்போது தெறிக்கும் வெளிச்சத்தைக் குறைக்கும் துண்டு) நிரந்தரமாகப் பொருத்தினால் அதன் நீளமும் குழலின் கணக்கில் சேரும். அதனால் ஹைடரின் பக்கவாட்டில் துளை போட்டு, எஃகு பின் இறக்கி, அதன் தலையை வெல்டிங் வைத்து மூடிவிட்டார் துப்பாக்கி மெக்கானிக். 1100 டிகிரி ஃபாரன்ஹீட் சில்வர் சால்டரையும் (வெள்ளிக் கலவையை உருக்கி ஒட்டுவது) அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டத்தைக் கவனிக்கும் ஏ.டி.எஃப். ஏற்கும், அவ்வளவு சூடு குழலுக்கு வேண்டாம் என்றார். எனக்கும் அதுவே சரி என்று பட்டது.

குழலின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டை மூடி, குழலுக்குள் குச்சி விட்டு அளந்தோம்: 16.1 அங்குலம்.

கேஸ் பிளாக்கை (குழலிலிருந்து வாயுவைத் திருப்பிவிடும் பாகம்) ஹைடருக்கு முன்னால் முதலிலேயே மாட்டிவிடுங்கள். அப்புறம் அதை மாற்ற நினைத்தால் ஹைடரை அறுத்தெடுக்கத்தான் வேண்டும்.

2026 முதல் 16 அங்குலத்துக்குக் குறைந்த குட்டைக் குழல் ரைஃபிளுக்கு 200 டாலர் வரி கிடையாதே என்று சிலர் கேட்டீர்கள். போனது வரிதான், பதிவு அல்ல. அந்தக் காகித வேலைக்கு எனக்குப் பொறுமை இல்லை.